மலையிறங்கி மலையேறும் பாக்கெட்

கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு என்று ஒவ்வொன்றும் ஒரு ‘நாடு’. அலுவலகங்களும் கடைவீதியும் கூடும் இடம் செம்மேடு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். இந்த அத்தியாயத்துக்கு இவ்வளவு புவியியல் போதும். இதன்மேல் காகிதத்தில் ஒரு நெட்வொர்க் போட்டுப் பார்க்கப் போகிறோம். அங்கே இன்று ஓடிக்கொண்டிருக்கும் எதையும் நான் வர்ணிக்கவில்லை. இது கணக்குக்கான மாதிரி மட்டுமே.

மலையில் மிளகு நிறைய விளைகிறது. மழைக்காலத்தில் கொடிக்கு வாடல் நோய் வரும். தோட்டக்கலை அலுவலர் ஒருவர் செம்மேட்டில் கேமரா முன் உட்கார்ந்து, நோய் கண்ட கொடியைக் கையில் பிடித்துக் காட்டிப் பேசுகிறார். 14 நாடுகளிலும் ஊராட்சி அலுவலகத் திரையில் விவசாயிகள் பார்க்கிறார்கள். அவர்கள் குறுக்கே புகுந்து கேள்வி கேட்கவும் வேண்டும். ஆகவே நேரலைதான், பதிவுசெய்து ஏற்றிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளச் சொல்ல முடியாது. படமும் குரலும் சேர்ந்து விநாடிக்கு 2 மெகாபிட். செம்மேட்டிலிருந்து வெளியே அனுப்பும் இணைப்பின் கொள்ளளவு 20 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம்.

நாட்டுக்கு ஒரு பிரதி என்று அனுப்பினால் 28 மெகாபிட் வேண்டும். பத்துப் பிரதியிலேயே இணைப்பு நிரம்பிவிடும். பதினோராவது நாடு சேர்ந்ததும், அந்த நாட்டுக்குப் படம் வராமல் போவதோடு நிற்காது. ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த பத்து நாடுகளிலும் படம் கட்டம் கட்டமாக உடையத் தொடங்கும். நெரிசல் யாரையும் தனியாகத் தண்டிப்பதில்லை.

ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் இந்தச் சிக்கலை முறையாக எடுத்துத் தீர்த்தவர் ஸ்டீவ் டீரிங். 1980களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் செரிட்டனின் மாணவராக இருந்தார். பல கணினிகள் சேர்ந்து ஒன்றாக இயங்கும் ‘வி’ என்ற அமைப்பை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே அறையில் உள்ள கணினிகளுக்கு ஒரு செய்தியைப் பொதுவாக அனுப்புவது எளிது. இடையில் ரவுட்டர்கள் வந்துவிட்டால் என்ன செய்வது? டீரிங்கின் விடை 1989 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1112 என்ற ஆவணமாக வெளிவந்தது. மல்டிகாஸ்ட் என்று இன்று சொல்வது அதைத்தான்.

அதன் சாரம் இது. அனுப்புகிறவர் யார் யார் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே வேண்டாம். 224 முதல் 239 வரை தொடங்கும் முகவரிகள் எந்தக் கணினிக்கும் சொந்தமல்ல. அவை குழுக்களின் பெயர்கள். அனுப்புகிறவர் குழு முகவரிக்கு ஒரே ஒரு பாக்கெட் விடுகிறார். கேட்க விரும்பும் கணினி, ‘இந்தக் குழுவில் நானும் இருக்கிறேன்’ என்று தன் பக்கத்து ரவுட்டரிடம் ஐஜிஎம்பி என்ற நெறிமுறையில் பதிவு செய்துகொள்கிறது. அந்த ரவுட்டர் தனக்கு மேலே உள்ள ரவுட்டரிடம் கேட்கிறது, அது அதற்கும் மேலே. இப்படியே கேட்பவர்களிடமிருந்து அனுப்புகிறவர் வரை ஒரு மரம் தலைகீழாக முளைத்துவிடுகிறது. பாக்கெட் அந்த மரத்தில் இறங்கி வரும். கிளை பிரியும் இடத்தில் மட்டும் ரவுட்டர் அதைப் பிரதி எடுக்கும். எந்த இணைப்பிலும் ஒன்றுக்கு மேல் ஓடாது.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றின் வழியே வந்த கதை தமிழருக்குத் தெரியும். மல்டிகாஸ்ட் பற்றிப் பேசும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. ஆனால் ஓரிக்கு ஒரு வசதி இருந்தது: ஐந்தும் ஒரே கோட்டில் நின்றன. ஒரே அம்பு ஊடுருவிப் போயிற்று. கேட்பவர்கள் ஒரே கோட்டில் நிற்காதபோது எங்கோ ஓரிடத்தில் அம்பு இரண்டாகத்தான் வேண்டும். பிரதி எடுப்பதைத் தவிர்க்கவே முடியாது. எங்கே எடுப்பது, யார் செலவில் எடுப்பது என்பதில்தான் எல்லா வித்தைகளும்.

செயற்கைக்கோளில் இந்தக் கேள்விக்கு இயற்பியலே பதில் சொல்லிவிடுகிறது. கல்விக்கென்றே இந்தியா ஏவிய முதல் செயற்கைக்கோளான எஜுசாட், 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது. அடுத்த மாதம், அக்டோபர் 18 அன்று, இஸ்ரோவும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செயற்கைக்கோள் வழி இணைத்த கிராம வள மையங்களைப் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். தங்கச்சிமடம், திருவையாறு, செம்பட்டி ஆகியவை முதலில் வந்தவை. கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு வகைகளைக் காப்பாற்றப் பல ஆண்டுகள் உழைத்த நிறுவனமும் இதே சுவாமிநாதன் நிறுவனம்தான். செயற்கைக்கோளில் மேலே ஒருமுறை அனுப்பினால் போதும். கீழே விழும் அலை மலைக்கும் சமவெளிக்கும் ஒன்றாக விழும். 14 பேர் கேட்டாலும் 14,000 பேர் கேட்டாலும் அனுப்பும் செலவு ஒன்றே. ஆனால் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கக் கால் விநாடி ஆகிறது. கேள்வி கேட்டுப் பதில் வாங்க அரை விநாடி. கொள்ளளவும் குறைவு, வாடகையும் அதிகம். எனவே எல்லோரும் கண்ணாடி இழைக்கு வந்து சேர்ந்தோம். இழையில் பிரதி தானாக விழாது. யாராவது எடுக்க வேண்டும்.

டீரிங்கின் மல்டிகாஸ்ட் இணையம் முழுக்கப் பரவியிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும். பரவவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் நடுவழி ரவுட்டர்கள் எல்லாம் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஒரு பாக்கெட் வாங்கி ஆயிரமாகக் கொடுக்கும் இணைய நிறுவனம் யாரிடம் எவ்வளவு கட்டணம் கேட்பது? போதாக்குறைக்கு, பழைய முறையில் யார் வேண்டுமானாலும் எந்தக் குழுவுக்கும் அனுப்பலாம். தாக்க நினைப்பவனுக்கு ஆயிரம் பிரதிகளை மற்றவர்களே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே பொது இணையத்தில் மல்டிகாஸ்ட் பாக்கெட் நிறுவன எல்லையைத் தாண்டுவதில்லை. நெட்வொர்க்குகளுக்கு இடையே அந்தப் பழைய முறையைக் கைவிடுங்கள் என்று 2020இல் ஆர்எஃப்சி 8815 எழுத்திலேயே சொல்லிவிட்டது. ஒரே கை ஆளும் நெட்வொர்க்குகளில் மட்டும் அது நன்றாக வாழ்கிறது: கேபிளுக்குப் பதில் இணையம் வழி வரும் தொலைக்காட்சி, பங்குச் சந்தைகளின் விலை ஒளிபரப்பு போன்றவை.

ஆனால் எல்லையைத் தாண்டும் ஒரு தந்திரத்தை 1992லேயே கண்டுபிடித்திருந்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் சான் டியாகோவில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் குரல், மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு நேரடியாகப் போனது. இடையில் இருந்த ரவுட்டர்களுக்கு மல்டிகாஸ்ட் தெரியாது. ஆகவே மல்டிகாஸ்ட் பாக்கெட்டை ஒரு சாதாரணப் பாக்கெட்டுக்குள் வைத்து மூடி, மல்டிகாஸ்ட் தெரிந்த அடுத்த ‘தீவில்’ உள்ள யூனிக்ஸ் கணினிக்கு அனுப்பினார்கள். அங்கே உறை பிரிந்து பிரதி எடுக்கப்பட்டது. இப்படி மூடிய பாக்கெட் போகும் வழியைச் சுரங்கம் என்பார்கள்; அந்தச் சுரங்கங்களின் கூட்டத்துக்கு எம்போன் என்று பெயர். அதை இங்கே சொல்வதற்குக் காரணம், அடுத்து வரும் எஸ்டி-வேன் என்பதும் அடிப்படையில் இந்த யோசனைதான். இருபது ஆண்டு கழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

எஸ்டி-வேன் என்பது சாஃப்ட்வேர்-டிஃபைன்ட் வைடு ஏரியா நெட்வொர்க். ஒரு வங்கிக்கோ துறைக்கோ நூறு கிளைகள் இருந்தால், முன்பு ஒரே நிறுவனத்திடம் விலையுயர்ந்த லீஸ்டு லைன் அல்லது எம்பிஎல்எஸ் இணைப்பு வாங்குவார்கள். இப்போது ஒரு கிளையில் பிராட்பேண்ட், இன்னொன்றில் 4ஜி, மற்றொன்றில் இரண்டும் என்று கிடைத்ததை வாங்கி, அதன்மேல் சுரங்கங்களைப் பின்னி, எல்லாவற்றையும் ஒரு மையக் கன்ட்ரோலர் மென்பொருளால் ஆள்கிறார்கள். 2012இல் தொடங்கிய விப்டெலா இதில் முன்னோடிகளில் ஒன்று. 2017இல் 61 கோடி டாலர் கொடுத்து சிஸ்கோ அதை வாங்கியது. நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறும். நான் விப்டெலா வழியைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

நம் மிளகுக் கொடிப் படத்தின் ஒரு பாக்கெட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். உள்ளே 1,250 பைட் அளவுக்குப் படத் துணுக்கு. அதன் தலையில் 239இல் தொடங்கும் குழு முகவரி. இதை அப்படியே செம்மேட்டு ரவுட்டரின் வெளிவாசலில் விட்டால் இணைய நிறுவனத்தின் முதல் ரவுட்டரே குப்பையில் போட்டுவிடும். எனவே எஸ்டி-வேன் ரவுட்டர் அதை முழுதாகக் குறியீடாக்கிப் பூட்டுகிறது. மேலே யூடிபி உறை, வழக்கமாக 12346இலிருந்து தொடங்கும் போர்ட் எண்களில் ஒன்று. அதற்கும் மேலே சாதாரண ஐபி முகவரி. வெளியே இருப்பவர் கண்ணுக்கு இது இரண்டு இடங்களுக்கு இடையே ஓடும் ஏதோ ஒரு போக்குவரத்து, அவ்வளவுதான்.

விஷயம் அந்தப் பூட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கிளை ரவுட்டரும் தனக்கென ஒரு சாவி தயாரித்து, கன்ட்ரோலர் வழியாக மற்றவர்களுக்குச் சொல்லிவைக்கிறது. வழக்கமான அமைப்பில் நாளுக்கு ஒருமுறை அது மாறும். தின்னனூர் நாட்டுக்குப் போகும் பாக்கெட்டைத் தின்னனூர் நாட்டின் சாவியில் பூட்ட வேண்டும். குண்டூர் நாட்டுக்குப் போவதை அதன் சாவியில். உள்ளே படம் ஒன்றே, வெளியே இரண்டும் முழுக்க வேறு வேறு பைட்டுகள். நடுவழியில் உள்ள இணைய ரவுட்டர் நல்ல மனதோடு உதவ வந்தாலும் ஒன்றைப் பிரதி எடுத்து மற்றவருக்குக் கொடுக்க முடியாது, கொடுத்தால் திறக்காது. பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டே நடுவழிப் பிரதியைச் சாத்தியமற்றதாக்கிவிட்டது. குழு முழுவதற்கும் பொதுச் சாவி கொடுக்கும் வழிகளும் உண்டு, ஆனால் பொது இணையத்தில் நடுவழி ரவுட்டர் மல்டிகாஸ்டை ஏற்காது என்ற முதல் தடை அப்போதும் தீராது.

ஆகவே பிரதி சுரங்கத்தின் முனையில்தான் எடுக்கப்பட வேண்டும். மூலமே எல்லாப் பிரதியையும் எடுக்கலாம். ஆனால் செம்மேட்டின் 20 மெகாபிட்டில் அது முடியாது என்று பார்த்துவிட்டோம். இங்கேதான் ரெப்ளிகேட்டர் வருகிறது. நெட்வொர்க்கில் கொழுத்த இணைப்புள்ள ஓர் இடத்தை, பெரும்பாலும் டேட்டா சென்டரை, ‘பிரதி எடுக்கும் வேலை உன்னுடையது’ என்று நியமித்துவிடுகிறார்கள். நமக்கு அது சென்னையில் இருக்கட்டும்.

தின்னனூர் நாட்டு அலுவலகக் கணினியில் ஒருவர் வீடியோவைத் திறக்கிறார். கணினி ஐஜிஎம்பி வழியே குழுவில் சேர்வதாகச் சொல்கிறது. அலுவலக ரவுட்டர் இதைக் கேட்டு, பழைய காலத்தைப் போல மேலே உள்ள ரவுட்டரைத் தேடுவதில்லை. மேலே உள்ளது இணையம், அதனிடம் கேட்டுப் பயனில்லை. ஓஎம்பி என்ற நெறிமுறையில் கன்ட்ரோலருக்குச் சொல்கிறது: இந்தக் குழு எனக்கு வேண்டும், இந்த ரெப்ளிகேட்டர் வழியாக வாங்கிக்கொள்கிறேன். யார் யார் ரெப்ளிகேட்டர் என்பது கன்ட்ரோலர் மூலம் எல்லோருக்கும் முன்பே தெரியும். ஒரு ரெப்ளிகேட்டர் எவ்வளவு சுமை ஏற்கலாம் என்று வரம்பும் வைக்கலாம். சென்னை ரெப்ளிகேட்டர் அந்தக் கோரிக்கையைப் பார்த்து, முதல் கோரிக்கை இதுதான் என்றால் செம்மேட்டிடம் ஒரு பிரதி கேட்கிறது. இரண்டாவதாக வளப்பூர் நாடு சேரும்போது செம்மேட்டு ரவுட்டருக்கு எதுவுமே தெரியாது. பதினான்காவது சேரும்போதும் அப்படியே. அதன் வாசலில் கடைசி வரை 2 மெகாபிட்தான், மேலே உறைகளின் சிறு கூடுதல் மட்டும்.

கன்ட்ரோலர் ஒரு படத் துணுக்கைக்கூடத் தொடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். யாருக்கு எது வேண்டும் என்ற பட்டியல் மட்டும் அதனிடம்.

இனி பாதையைப் பாருங்கள். செம்மேட்டிலிருந்து கிளம்பிய பாக்கெட் மலையிறங்கிச் சென்னை போய், அங்கே பதினான்காகி, திரும்பவும் மலையேறி, செம்மேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நாட்டுக்கு வந்து சேர்கிறது. கேட்டதும் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் நேரம் ஒரு பிரச்சினையே இல்லை: போய்வர 800 கிலோமீட்டர் இழை என்றாலும் ஒளிக்கு 4 மில்லிவிநாடி. செயற்கைக்கோளின் 250 மில்லிவிநாடியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிரச்சினை, திரும்பி ஏறும்போது. 14 பிரதிகளும் தனித்தனிச் சுரங்கங்களில் வருகின்றன என்று எஸ்டி-வேன் திரையில் அழகான விசிறி வரைபடம் தெரியும். ஆனால் மலைக்கு மேலே வரும் இழை ஒன்றுதான் என்றால், பதினான்கும் அதே இழையில் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிக்கொண்டு ஏறுகின்றன. டீரிங்கின் முறையில் அங்கே ஒன்றே ஏறியிருக்கும். இந்த வீணடிப்பை அளப்பதற்கே ஒரு அளவு உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் யாங்-ஹுவா சூ, சஞ்சய் ராவ், ஹுய் ஜாங் மூவரும் 2000இல் எழுதிய கட்டுரையில், ஒரே பாக்கெட் ஒரே இணைப்பில் எத்தனை முறை ஓடுகிறது என்பதை ‘ஸ்ட்ரெஸ்’ என்று கணக்கிட்டார்கள். நம் மலை இழையின் ஸ்ட்ரெஸ் 14. கிகாபிட் இழையாக இருந்தால் 28 மெகாபிட் ஒரு பொருட்டல்ல. மேலே வருவது மைக்ரோவேவ் ரேடியோவாக இருந்தால், அல்லது பத்து வகுப்புகள் ஒரே நேரத்தில் நடந்தால், வலிக்கும்.

அப்படியானால் ரெப்ளிகேட்டரை மலைமேலேயே வைத்துவிடலாமே? வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. செம்மேட்டுக்கும் நாடுகளுக்கும் இடையே மலைக்குள்ளேயே கொழுத்த இணைப்பு இருக்க வேண்டும். நடைமுறையில் ஓர் அலுவலகம் ஒரு நிறுவனத்தின் இணைப்பையும், பக்கத்து நாடு வேறொரு நிறுவனத்தின் இணைப்பையும் வாங்கியிருக்கும். இரண்டு நிறுவனங்களின் நெட்வொர்க்குகள் கைகோக்கும் இடம் மலையில் இல்லை. பெரும்பாலும் சென்னை போன்ற பெருநகரத்தில். அப்போது மலைமேல் எடுத்த பிரதிகளும் மலையிறங்கிச் சென்னை பார்த்துவிட்டுத்தான் திரும்பும். செம்மேட்டின் சிறு இணைப்பும் மூச்சுத் திணறும். மேல்நெட்வொர்க்கை ஆள்பவருக்குக் கீழே இழை எப்படிப் போகிறது என்று தெரியாது என்பதே எஸ்டி-வேனின் வசதி. அதுவே அதன் குருட்டுத்தனமும்.

கணக்கைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்ப்போம். விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் 1,250 பைட் பாக்கெட்டுகள் 200. அதாவது 5 மில்லிவிநாடிக்கு ஒன்று. ஒரு கிகாபிட் வாசலில் ஒரு பாக்கெட்டை வெளியே தள்ள 10 மைக்ரோவிநாடி. 14 பிரதிக்கு 140 மைக்ரோவிநாடி. ரெப்ளிகேட்டர் ஓய்வாகவே இருக்கும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தில் டான்ஃபிநெட் நிறுவனம் ஏற்றிருக்கும் வேலை. அத்தனைக்கும் ஒரே ரெப்ளிகேட்டர் பிரதி எடுத்தால் ஒரு பாக்கெட்டுக்கு 125 மில்லிவிநாடி வேண்டும். அடுத்தது 5 மில்லிவிநாடியில் வந்து நிற்கும். விநாடிக்கு 25 லட்சம் தடவை பூட்ட வேண்டும், ஒவ்வொன்றும் வேறு சாவியில். நடக்காது. சென்னை நீங்கலான 37 மாவட்டங்களுக்கும் ஒவ்வொரு ரெப்ளிகேட்டர் வைத்தால் மாவட்டத்துக்குச் சராசரி 339 ஊராட்சிகள். ஒரு சுற்றுக்கு 3.4 மில்லிவிநாடி. தாங்கும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. இன்னொரு விஷயமும் இதில் தெரிகிறது: வரிசையில் முதல் ஊராட்சிக்கும் கடைசி ஊராட்சிக்கும் இடையே அந்த 3.4 மில்லிவிநாடி இடைவெளி. மிளகு விவசாயிக்கு அது ஒன்றுமில்லை. பங்குத் தரகருக்கு அது பணம். ஆகவே சந்தைகள் இந்த வழியை நம்பாமல், ஒரே கணத்தில் எல்லா வாசலிலும் பிரதி தள்ளும் ஸ்விட்சுகளை வைத்துக்கொள்கின்றன.

மழையும் உண்டு. மரம் விழுந்து இழை அறுந்தால், 4ஜி இணைப்பும் உள்ள அலுவலகம் அதற்குத் தாவும். சுரங்கம் உயிரோடு இருக்கிறதா என்று ரவுட்டர்கள் விநாடிக்கொரு முறை குசலம் விசாரித்துக்கொள்கின்றன. வழக்கமான அமைப்பில் ஏழு முறை தொடர்ந்து பதில் இல்லையென்றால்தான் இறந்ததாக முடிவு. ஏழு விநாடிப் படம் போய்விடும், மல்டிகாஸ்டில் அதை யாரும் திரும்ப அனுப்பமாட்டார்கள். ஆனால் மற்ற பதின்மூன்று நாடுகளுக்கும் எதுவும் ஆகாது. தனித்தனிப் பிரதி என்பதன் நல்ல பக்கம் இது. 4ஜிக்குத் தாவுவதன் கெட்ட பக்கம் ரீசார்ஜில் தெரியும்: ஒரு மணி நேர வகுப்புக்கு 900 மெகாபைட்.

என் தீர்ப்பு இது. முழு நெட்வொர்க்கும் ஒரே கையில் இருந்தால், டான்ஃபிநெட் போன்ற அரசு இழையில், டீரிங்கின் பழைய முறையே சிறந்தது. அதை விட்டுவிட்டுச் சுரங்கம் பின்னுவது தேவையற்ற செலவு. கைகள் பல என்றால் ரெப்ளிகேட்டரைத் தவிர வேறு வழி இல்லை. இப்படியொரு நெட்வொர்க்குக்கு டெண்டர் எழுதும் அலுவலர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: விற்க வருகிறவர் திரையில் விசிறி வரைபடத்தைக் காட்டும்போது, ரெப்ளிகேட்டர் எந்த ஊரில் இருக்கும் என்று கேளுங்கள். அங்கிருந்து உங்கள் கடைசி அலுவலகம் வரை இழை எந்தச் சாலை வழியாக வருகிறது, எந்த இடத்தில் எல்லாப் பிரதிகளும் ஒரே இழைக்குள் நுழைகின்றன என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.